பின் ஃபெண்டர் உரசுகிறது, டிங்கரிங் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. அப்பா ஓட்டிய ஸ்விஃப்ட் இப்போது என்னிடம் இருக்கிறது. 185/65 ஆர்15 டயரைக் கழற்றி 205/60 ஆர்15 போட்டேன். புது அலாய் ரிம் பழைய ரிம்மைவிட ஒன்றரை இன்ச் அகலம், ஆஃப்செட்டும் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, அது வண்டியில் போல்ட் ஆகும் முகம் எவ்வளவு வெளிப்பக்கம் இருக்கிறது என்ற அளவு) 45 மி.மீ.-லிருந்து 35 ஆகிவிட்டது. கணக்குப் போட்டால் ரிம் ஓரம் பக்கத்துக்கு 29 மி.மீ. வெளியே வருகிறது. இதை வாங்கும் முன்பே பார்த்திருக்க வேண்டும்.

பின்னால் மூன்று பேர் உட்கார்ந்தால் வேகத்தடையில் டயர் பின் ஃபெண்டரில் (சக்கரத்துக்கு மேலே வளையும் பாடித் தகடு) உரசுகிறது. ஒரு பட்டறையில் சூடு காட்டாமல் சுத்தியலாலேயே ஃபெண்டரின் உள் விளிம்பை மடக்கிவிட்டார்கள். பெயிண்ட் வெடித்து, இந்த மழையில் துருவும் பிடித்துவிட்டது. முன் ஃபெண்டர் போல்ட்டில் நிற்பது, கெட்டால் மாற்றலாம். பின்பக்கம் பாடியோடு வெல்டிங். விளிம்பை வெட்டினால் உள் தகடும் வெளித் தகடும் பிரிந்து தண்ணீர் இறங்குமே என்று பயமாக இருக்கிறது.

துருவைச் சுரண்டி, எபாக்ஸி பிரைமர் அடித்து, ஹீட் கன் வைத்து ரோலரால் (விளிம்பை அழுத்தி மடக்கும் உருளைக் கருவி) மறுபடி மடக்கலாமா? இல்லை, அகலம் குறைந்த 195 டயருக்கு இறங்குவதுதான் சரியா? திருகு போட்டு ஃபிளேர் (ஃபெண்டர் ஓரத்தை அகலமாக்கும் பட்டை) மாட்ட மனமில்லை, ஓட்டை போட்ட இடமெல்லாம் துருப்பிடிக்கும். கோவைப் பக்கம் ரோலர் வைத்திருக்கும் பட்டறை தெரிந்தால் சொல்லுங்கள்.