அப்பாவின் கரகாட்டக்காரன், என்னுடைய 'வீடு'

வைகைக்கரை:

நமக்குப் பிடித்த படமும் விமர்சகர்கள் பெரிய படம் என்று கொண்டாடும் படமும் மோதிக்கொண்ட அனுபவம் உங்களில் பலருக்கும் இருக்கும். எனக்கு அது எங்கள் வீட்டுக் கூடத்திலேயே நடந்தது. முதலில் நான் சொல்கிறேன், அப்புறம் நீங்கள் சொல்லுங்கள்.

அப்பா கொத்தனார். அவருக்கு ஒரே படம்தான், 1989-ல் வந்த கரகாட்டக்காரன். மதுரையில் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிய படம். வேலை முடிந்து கைகால் கழுவிக்கொண்டு அப்படியே கூட்டாளிகளோடு தியேட்டருக்குப் போவாராம். இன்றைக்கும் டிவியில் எந்த இடத்தில் ஓடிக்கொண்டிருந்தாலும் அங்கிருந்தே உட்கார்ந்துவிடுவார். வாழைப்பழக் காட்சி வருவதற்கு முன்பே முகம் மலர்ந்துவிடும்.

நான் கல்லூரியில் திரைப்படச் சங்கத்தில் சேர்ந்து, சத்யஜித் ராய், பாலு மகேந்திரா என்று பார்க்க ஆரம்பித்திருந்த சமயம். லீவுக்கு வந்த அன்று அந்தப் படம் ஓடிக்கொண்டிருந்தது. "இன்னும் எத்தனை தடவைப்பா இதையே பாப்பீங்க? நல்ல படம்னு ஒண்ணாவது பாத்திருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அப்பா பதில் சொல்லவில்லை. எனக்குத்தான் இரைச்சலாக இருக்கிறதோ என்று நினைத்து, ரிமோட்டை எடுத்து சத்தத்தைக் குறைத்தார். அதை நினைத்தால் இப்போதும் மனசு கஷ்டப்படுகிறது.

மறுநாள் ராத்திரி, மனசு கேட்காமல், அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, பாலு மகேந்திராவின் 'வீடு' போட்டேன். ஒரு நடுத்தரக் குடும்பம் சொந்தமாக வீடு கட்டப் படும் பாடுதான் கதை. 1988-ல் வந்தது. அர்ச்சனாவுக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்த படம். பாட்டே கிடையாது. பத்து நிமிஷத்தில் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன்.

அவர் பார்த்தது வேறு படம். கட்டட வேலை தொடங்கியதுமே முன்னால் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார். கான்ட்ராக்டர் சிமெண்டை வெளியே விற்கிறான் என்று சித்தாளாக வரும் மங்கம்மா சொல்லும் இடத்தில், "சித்தாளுக்குத்தான் மொதல்ல தெரியும். மூட்டையத் தூக்குறது அவங்கதானே" என்றார். நான் மூன்று முறை பார்த்திருக்கிறேன். காமிராவைப் பற்றி, வெளிச்சத்தைப் பற்றி கட்டுரையே எழுதியிருக்கிறேன். மூட்டையை யார் தூக்குகிறார்கள் என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

பிறகு அந்தக் குடும்பத்துத் தாத்தா, பாதி எழும்பிய வீட்டைப் பார்க்கத் தனியாக வருவார். சுவரைத் தடவித் தடவிப் பார்ப்பார். அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, "வீட்டுக்காரங்க எல்லாரும் மொதல்ல இப்படித்தான் தொட்டுப் பாப்பாங்க. ஈரம் காஞ்சிருக்காதுன்னு சொல்ல வாய் வராது, விட்டுருவேன்" என்றார்.

படம் முடிந்ததும், "பிடிச்சிருந்துச்சாப்பா?" என்றேன். "ரொம்ப நல்ல படம் தம்பி. ஆனா ராத்திரி பாக்கக் கூடாது. பகலெல்லாம் பாத்ததுதானே இது" என்றார். நான் அதற்கப்புறம் அவரிடம் எது நல்ல படம் என்று பேசியதே இல்லை.

ஒற்றைப்பனை:

உங்கள் அப்பா சொன்னதைப் படித்துவிட்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

எனக்குப் பிடித்த படம் அன்பே சிவம். 2003 பொங்கலுக்கு வந்தது, தியேட்டரில் எடுபடவில்லை. பாதிக்கு மேல் காலியாக இருந்த அரங்கில் பார்த்துவிட்டு, வெளியே வந்து யாரிடம் பேசுவது என்று தெரியாமல் நின்றேன். அப்புறம் டிவியில் போட்டுப் போட்டுத்தான் ஜனங்கள் அதைத் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். அதனால் சிறந்த படங்கள் என்று போடும் பட்டியல்களைப் பார்த்து நான் பயப்படுவதில்லை.

சத்யஜித் ராயின் வங்காளப் படம் பதேர் பாஞ்சாலியை இரண்டு தடவை பார்த்தேன். மரியாதை உண்டு, ஆனால் முழுப் படமும் மனசில் தங்கவில்லை, அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமும் இல்லை. தங்கியது ஒரே ஒரு காட்சி. அக்கா திருடவில்லை என்று அவள் உயிரோடு இருந்தவரை சொல்லிக்கொண்டிருந்த அந்தப் பாசிமாலை, அவள் இறந்துபோன பிறகு தம்பி அப்புவின் கையில் கிடைக்கிறது. யாருக்கும் காட்டாமல் குளத்தில் வீசிவிடுகிறான். பாசி விலகி, கொஞ்சம் தண்ணீர் தெரிந்து, மெல்ல மூடிக்கொள்கிறது. தம்பி அக்காவுக்குச் செய்யக்கூடியது வேறு என்ன இருக்கிறது? அந்த ஒரு காட்சிக்காகவே அதைப் பெரிய படம் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்வேன்.

முல்லைப்பந்தல்:

என் கதை வேறு மாதிரி. பெண் பார்க்க வந்தபோது, பிடித்த படம் எது என்று அவர் கேட்டார். எனக்குப் பிடித்தது நாலு பாட்டு, ஒரு கல்யாணம், கடைசியில் எல்லோரும் சேர்ந்துவிடுகிற படங்கள். அதைச் சொன்னால் என்ன நினைப்பாரோ என்று 'உதிரிப்பூக்கள்' என்று சொல்லிவிட்டேன். அப்போது நான் அதைப் பார்த்ததே இல்லை. யாரோ பெரிய படம் என்று பேசியது காதில் விழுந்திருந்தது, அவ்வளவுதான்.

கல்யாணத்துக்குப் பிறகு அவரே ஆசையாகப் போட்டுக் காட்டினார். கடைசியில் ஊரே கூடி, எல்லோருக்கும் கெடுதல் செய்த அந்த மனிதனை ஆற்றுக்குள் போகவைக்கிறது, கரையில் அவனுடைய இரண்டு பிள்ளைகள். அம்மாவும் இல்லாத பிள்ளைகள். இந்தப் படத்தின் பெயரையா நான் பெருமைக்காகச் சொன்னேன் என்று அழுகை வந்தது. அன்றைக்கே அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். இப்போது என் பட்டியலில் அந்தக் கல்யாணப் படங்களும் இருக்கின்றன, இதுவும் இருக்கிறது. ஒன்றுக்காக இன்னொன்றை எடுக்க மாட்டேன்.

வைகைக்கரை, உங்கள் அப்பா 'வீடு' மறுபடி பார்த்தாரா?

வைகைக்கரை:

இல்லைங்க. ஒருமுறை கேட்டேன், வேண்டாம் என்று கையசைத்துவிட்டார். போன வாரம் டிவியில் மாங்குயிலே பூங்குயிலே ஓடிக்கொண்டிருந்தது, அதன் நடுவில் திடீரென்று, "அந்தச் சுவரத் தொட்ட பெரியவரு பேரு என்னடா?" என்றார். சொக்கலிங்க பாகவதர், நாடகத்தில் நடித்தவர் என்றேன். பெயரை இரண்டு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு, மறுபடி பாட்டுக்குத் திரும்பிவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து படம் முடியும்வரை பார்த்தேன்.