மறு: கல்லில் பதிந்த கால், கை, குளம்பு: கலைச்சொல் தேவை (வெள்ளிக்குள்)

வடவள்ளி டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை மருதமலைக்கும் பேரூருக்கும் கூட்டிப்போகிறோம். கையில் கொடுக்க 16 பக்கத்தில் ஒரு கையேடு. வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். ஒரே ஒரு சொல் இடிக்கிறது. சாமியோ முனிவரோ வீரரோ பதித்ததாகச் சொல்லப்படும் காலடி, கை, முழங்கால் எல்லாவற்றையும் சேர்த்து ஆங்கிலத்தில் பெட்ரோசோமாட்டோகிளிஃப் என்கிறார்கள். கிரேக்கத்தில் கல், உடல், செதுக்கல் மூன்றையும் ஒட்டிய சொல். தமிழில் என்ன போடலாம்? 'பாதம்' போதாது. மருதமலையில் இருப்பது குதிரைக்குளம்புக் கல். திருடர்களை மறிக்க முருகன் குதிரையில் வந்தபோது பதிந்தது என்பது கதை. போன வருஷம் ஒரு பையன் அந்தக் கல்லருகே குத்தவைத்து உட்கார்ந்து, பள்ளத்துக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இது லாடம் கட்டாத குதிரைங்களா?" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. சொல்லாவது சரியாக இருக்கட்டும்.

தாராபுரம் புலவர் எழுதியது:

அம்மா, இதற்கு இவ்வளவு கவலை எதற்கு? மெய்ச்சுவடு. மெய் என்றால் உடம்பு. யகர ஈற்றின் முன் வல்லினம் மிக்கது. சுவடு பழஞ்சொல், சுவடியும் அதன் உடன்பிறப்பே, எழுத்தாணியின் சுவடு பதிந்தது சுவடி என்பது என் துணிபு. 'பாதம்' என்பதை அடியோடு விலக்குக; அது வடசொல். 'அடி' என்க.

காரமடைக்காரர் எழுதியது:

புலவரய்யா, அடி என்று போட்டால் 'மூன்றடி நீளமுள்ள அடி' என்று எழுத வேண்டிவரும். பிள்ளைகள் சிரிக்கும். பாதம் வடசொல்லாகவே இருக்கட்டும். மணிபல்லவத்தில் புத்தரின் பாதபீடிகையைக் கண்டுதானே மணிமேகலை பழம்பிறப்பை உணர்கிறாள்? சாத்தனாருக்கு ஆகும், நமக்கு ஆகாதா? சுவடி விஷயமும் எனக்கு ஒப்பவில்லை, ஏடுகளைக் கட்டாகச் சேர்த்தது சுவடி.

பெரிய சிக்கல் 'மெய்'. மெய் என்றால் உண்மையும்தான். 'மெய்ச்சுவடு' என்று அச்சடித்தால், இது நிஜமாகவே முருகன் குதிரைதான் என்று நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். எங்கள் ஆத்தா 'கால் பதிஞ்ச கல்லு' என்றுதான் சொல்லும். அதையே போட்டால் என்ன?

கோபி நண்பர் எழுதியது:

கால் பதிந்த கல் என்பது சொல்லா, வாக்கியமா? சுருக்கிப் 'பதிகல்' என்று வையுங்கள். ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. இரண்டே அசை.

காரமடைக்காரர் எழுதியது:

வினைத்தொகை முக்காலமும் காட்டுமே! பதிந்த கல், பதிகின்ற கல், பதியும் கல். நாளைக்கும் குதிரை வரும் என்று பையன் கல்லோரம் காத்துக்கிடப்பான்.

புலவர் எழுதியது:

எள்ளல் வேண்டா. கல்லையும் காலையும் சேர்த்துப் பேசும் சொல் தொல்காப்பியத்திலேயே உண்டு: 'காட்சி கால்கோள் நீர்ப்படை நடுகல்'. கால்கோள் என்பது நடுகல்லுக்குக் கல் கொள்ளும் துறை. காலைக் கொண்ட கல் எனப் பொருள் விரித்து ஆளலாம். சிலம்பின் வஞ்சிக் காண்டத்தில் கால்கோட் காதை என்றே ஒரு காதை இருக்கிறது. வஞ்சி என்பது நம் கரூரே என்பதையும் இங்கே

(மட்டுறுத்துநர்: வஞ்சி கரூரா கொடுங்கல்லூரா என்பதற்குத் தனி இழை இருக்கிறது, அங்கே வாருங்கள். ஐயா மன்னிக்க, மீதியை வெட்டிவிட்டேன்.)

பேரூர் அம்மா எழுதியது:

சண்டைக்கு நடுவில் ஊர்க்காரியாக ஒரு வார்த்தை. கச்சியப்ப முனிவரின் பேரூர்ப் புராணத்தில் 'குழகன் குளப்புச்சுவடுற்ற படலம்' என்றே ஒன்று இருக்கிறது. காமதேனுவின் கன்று பட்டி, விளையாட்டாகப் புற்றை மிதித்தது. உள்ளே இருந்த சிவலிங்கத்தில் குளம்பும் கொம்பும் பட்டுச் சுவடு விழுந்தது. காமதேனு பதறிப்போக, குழந்தை மிதித்ததைத் தாங்குவதுபோல இதையும் தாங்குவேன் என்று சாமி ஏற்றுக்கொண்டதாகக் கதை. ஆக 'சுவடு' இந்த மண்ணிலேயே புழங்கிய சொல்தான், யாரும் புதிதாக உண்டாக்க வேண்டியதில்லை.

ஆனால் முன்னே என்ன ஒட்டுவது? 'உடற்சுவடு' என்றால் உடலினது சுவடா, உடலின்கண் சுவடா? ஆறாம் வேற்றுமையா, ஏழா? மருதமலையில் கல் வெறும் கல், சுவடு உடம்பினுடையது. பேரூரில் கல்லே சாமியின் உடம்பு, சுவடு அதன்மேல். எங்கள் பட்டீசருக்கு இரண்டு வேற்றுமையும் பொருந்தும். காஞ்சியில் அம்மை தழுவியபோது ஏகம்பர் மேனியில் பட்ட வளைத்தழும்பும் இதே கணக்கு. அதனால் 'தழும்பு' என்று சொன்னாலும் எனக்குச் சம்மதம்.

சேலம் நிலவியலார் எழுதியது:

தழும்பு வேண்டாம், டாக்டர் சீட்டு மாதிரி இருக்கிறது. 'தடம்' என்றும் யாராவது கிளம்புவதற்குள் சொல்லிவிடுகிறேன்: நம்ம ஊரில் தடம் என்றால் நடக்கிற வழி. 'தடத்துல கல்லு கெடக்குது' என்பதைக் கலைச்சொல்லாக்கினால் குழப்பம்தான். ஒரு வேண்டுகோள். பாறைச் சரிவில் மழைத்தண்ணீர் தேங்கித் தேங்கி இப்படிக் குழிகள் தானாகவும் விழும். கையேட்டில் கதையோடு அதையும் ஒரு வரி சேருங்கள். தொல்லுயிர்ச் சுவடு, அதாவது பழங்கால உயிரினங்கள் பாறையில் விட்டுப்போன அடையாளம், என்பது வேறு. அதோடு இதைக் கலந்துவிட வேண்டாம்.

கிளாஸ்கோவிலிருந்து பெருந்துறைக்காரர் எழுதியது:

நேரம் கெட்ட நேரத்தில் எழுதுகிறேன். இங்கே ஸ்காட்லாந்தில் துனாட் என்ற கோட்டைக் குன்றின்மேல் பாறையில் ஒரு காலடி வெட்டியிருக்கிறது. அங்கே பழங்காலத்தில் இருந்த தால் ரியாட்டா என்ற நாட்டின் அரசர்கள் பட்டமேற்கும்போது அதில் காலை வைத்தார்கள் என்கிறார்கள். மூலத்தைக் காக்க மேலே நகல் கல் வைத்திருக்கிறார்கள். நான் போனபோது அதில் மழைத்தண்ணீர் நிறைந்திருந்தது. ஷூவைக் கழற்றிக் காலை வைத்தேன், விறைத்துப்போனது. நான் சொல்லவந்தது, அது யாரோ விட்டுப்போன சுவடு இல்லை, வருகிறவன் கால் வைப்பதற்காகச் செதுக்கிய குழி. ஆங்கிலச் சொல் அதையும் அடக்கும். 'சுவடு' அடக்குமா?

இன்னொன்று. இலங்கையில் 2,243 மீட்டர் உயரத்தில் சிவனொளிபாத மலை. ஒரே பள்ளம், பௌத்தருக்குப் புத்தர், சைவருக்குச் சிவன், இசுலாமியருக்கு ஆதம். யாருடைய உடல் என்று சொல்லுக்குள் வைத்தால் வம்பு. கல்லை மட்டும் வையுங்கள்: கற்சுவடு.

மட்டுறுத்துநர் எழுதியது:

இன்று வியாழன். இதுவரை: கற்சுவடு 5, உடற்சுவடு 2, பதிகல் 1 (முன்மொழிந்தவரே). மெய்ச்சுவடுக்குப் புலவரையா மட்டும். துனாட் கேள்விக்கு யாரிடமும் விடை இல்லை. கையேட்டில் துனாட் இல்லாததால் இப்போதைக்கு விட்டுவிடலாம்.

புலவர் எழுதியது:

என் மறுப்பைப் பதிவு செய்க. கற்சுவடு என்றால் கல்லினது சுவடு என்றும் விரியும். கல்லா எழுந்து நடந்துபோயிற்று?

வடவள்ளி டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. 'கற்சுவடு' அச்சுக்குப் போய்விட்டது. முதல் முறை வரும் இடத்தில் 'கல்லில் பதிந்ததாகச் சொல்லப்படும் சுவடு' என்று விளக்கமும் கொடுத்தாயிற்று. மழைத்தண்ணீர் வரியும் இருக்கிறது. பேரூர் அம்மா சொன்ன குளப்புச்சுவடு படத்தின் கீழே. ஆனால் ஐயா, அந்தப் பையன் இப்போது ஒன்பதாவது. திங்கட்கிழமை அவனும் துணைக்கு வருகிறான். லாடத்தைப் பற்றி யாருமே ஒன்றும் சொல்லவில்லையே?

புலவர் எழுதியது:

லகரம் தமிழில் மொழிமுதல் ஆகாது. 'இலாடம்' என்று எழுதுக. இதற்கு நல்ல தமிழ்ச்சொல் என்ன என்று நாளைக் காலை தனி இழை தொடங்குகிறேன்.