கம்யூனிட்டி காலேஜ்ல வெப் புரோகிராமிங்: பிஎச்பி பேப்பரை டிராப் பண்ணிடலாமா?

மாலைவகுப்பு கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். ஊர்ல பி.காம். முடிச்சவ நான். கல்யாணமாகி அமெரிக்கா வந்து ஏழு வருஷம் ஆச்சு. பையன் ஸ்கூல் போக ஆரம்பிச்சதும் பக்கத்துல இருக்கிற கம்யூனிட்டி காலேஜ்ல வெப் டெவலப்மென்ட் அசோசியேட் டிகிரில சேர்ந்தேன். வாரத்துல ரெண்டு நாள் சாயங்கால வகுப்பு. போன செமஸ்டர் வெப் பக்கத்தை வடிவமைக்கிற எச்டிஎம்எல், சிஎஸ்எஸ். ரொம்பப் பிடிச்சுது, ஏ வாங்கினேன்.

இந்த செமஸ்டர் சர்வர்ல ஓடற மொழியான பிஎச்பியும், தகவலை டேபிள்ல சேமிக்கிற மைஎஸ்கியூஎல்லும். போன ஞாயித்துக்கிழமை லாகின் பக்கம் எழுத உட்கார்ந்தேன். நாலு மணி நேரம் வெறும் வெள்ளைத் திரைதான். பிழையைக் காட்டுன்னு சொல்ற வரியை ஃபைலோட தலைப்புலயே போட்டுப் பார்த்தேன், அப்பவும் ஒண்ணுமே வரலை. கடைசில பார்த்தா ஒரு செமிகோலன் விட்டுப்போயிருக்கு. பையன் சாப்பிடாமலே தூங்கிட்டான். எனக்கு அழுகையே வந்துடுச்சு.

தெரிஞ்சவர் ஒருத்தர், "பிஎச்பியை இப்ப யார் கேட்கறாங்க, விட்டுட்டு ரியாக்ட் பூட்கேம்ப்ல சேரு"ங்கறார் (ரியாக்ட்ங்கறது பிரவுசர்ல தெரியற பக்கத்தை எழுத உதவற கருவி, பூட்கேம்ப்ங்கறது சில மாசத்துல முடியற பயிற்சி). டிராப் பண்ண இன்னும் ரெண்டு வாரம் டைம் இருக்கு. என்ன செய்யட்டும்? இன்னொண்ணு: என்னோடது ஏஏஎஸ் டிகிரி. பின்னாடி நாலு வருஷ டிகிரிக்கு மாறணும்னா இந்தக் கிரெடிட் எல்லாம் செல்லுமா?

மறுபடிமாணவி:

தோழி, டிராப் பண்ணாதீங்க. இதே பாதையில போய் ரெண்டு வருஷம் முன்னாடி முடிச்சவ நான், அதனால உரிமையோட சொல்றேன்.

முதல்ல அந்த வெள்ளைத் திரை. உங்க மேல தப்பே இல்லை. செமிகோலன் விட்டுப்போனா பிஎச்பி அந்த ஃபைலை ஓட்டவே ஆரம்பிக்காது. படிக்கும்போதே நின்னுடும். அப்போ ஃபைலுக்குள்ள நீங்க எழுதின 'பிழையைக் காட்டு' வரியும் ஓடாது இல்லையா? அதை பிஎச்பியோட செட்டிங்ஸ் இருக்கிற பிஎச்பி டாட் ஐஎன்ஐ ஃபைல்ல போடணும். 'டிஸ்பிளே எரர்ஸ்'னு தேடி ஆன் பண்ணிட்டு சர்வரை ஒரு தடவை நிறுத்தித் திரும்ப ஓட்டுங்க. உங்க கம்ப்யூட்டர்ல மட்டும் இப்படி வைங்க, வெளியுலகம் பார்க்கிற சர்வர்ல வேண்டாம். டெர்மினல்ல பிஎச்பின்னு அடிச்சு, மைனஸ் எல் போட்டு, ஃபைல் பேரைக் கொடுத்தாலும் எந்த வரின்னு சொல்லிடும். ஒரு விஷயம்: அது காட்டற வரிக்கு மேல் வரியையும் பாருங்க. செமிகோலன் விட்டது 22ன்னா அது 23ன்னுதான் சொல்லும்.

என்னை ரெண்டு நாள் அலைய விட்டதும் லாகின் பக்கம்தான். பாஸ்வேர்டை ஹாஷ் பண்ணி, அதாவது திரும்ப மாத்த முடியாத எழுத்துக்கோவையா ஆக்கி சேமிச்சேன், சரியா அடிச்சாலும் 'தவறான பாஸ்வேர்ட்'னே வரும். எழுதின புரோகிராமை வரி வரியா நூறு தடவை படிச்சேன். தப்பு புரோகிராம்லயே இல்லை. டேபிள்ல பாஸ்வேர்ட் நெடுவரிசைக்கு 50 எழுத்துதான் இடம் கொடுத்திருந்தேன், பிக்ரிப்ட்ங்கற முறையில வர்ற ஹாஷோ 60 எழுத்து. என் மைஎஸ்கியூஎல் ஸ்ட்ரிக்ட் மோட்ல (இடம் போதலைன்னா பிழை காட்டற அமைப்புல) இல்லாததால வாலை வெட்டிட்டு சத்தம் போடாம சேமிச்சிருக்கு. நெடுவரிசையை 255 ஆக்கி, திரும்பப் பதிவு பண்ணினதும் கதவு திறந்தது. அன்னைக்குத்தான் ஃபார்ம்ல அடிச்ச எழுத்து எங்கெங்க போகுது, எங்க உருமாறுது, எங்க தங்குதுன்னு எனக்கு முழுசாப் பிடிபட்டுது.

இந்தப் பேப்பர் சொல்லித் தர்றது இதைத்தான். பிஎச்பி 1995ல வந்தது, ரியாக்ட் 2013ல. ஆனா ரியாக்ட்ல எழுதின பக்கமும் கடைசில ஒரு சர்வர்கிட்ட கோரிக்கை அனுப்பித்தான் பதில் வாங்குது. பிரவுசர்ல எஃப்12 தட்டி நெட்வொர்க் டேபைத் திறந்து வெச்சுக்கிட்டு உங்க லாகின் பட்டனை அழுத்திப் பாருங்க. நீங்க அடிச்சதைச் சுமந்துக்கிட்டு போஸ்ட் கோரிக்கை போறது, 'வேற பக்கத்துக்குப் போ'ன்னு 302 திரும்பி வர்றது, கூடவே உங்களை அடையாளம் வெச்சுக்கிற செஷன் குக்கி வந்து ஒட்டிக்கிறது, எல்லாம் கண்ணு முன்னால நடக்கும். இதைப் பார்த்துப் பழகினவங்களுக்கு ரியாக்ட் வேகமா வரும். செத்த மொழின்னு சொல்றவர்கிட்ட விக்கிப்பீடியாவும் வேர்ட்பிரஸும் எதுல ஓடுதுன்னு கேளுங்க.

கெஞ்சிக் கேட்டுக்கறேன், ஒண்ணு மட்டும். நோட்ஸ்ல எஸ்கியூஎல் வாக்கியத்தோட (டேபிள்கிட்ட தகவல் கேட்கற வாக்கியம்) யூசர் பேரை ஒட்டி எழுதியிருந்தா அப்படியே எழுதாதீங்க, பேரை வாக்கியத்துல ஒட்டாம தனியா அனுப்பற ப்ரிபேர்டு ஸ்டேட்மென்ட் போடுங்க. என் வகுப்புல ஒருத்தர் குடும்பப் பேர்ல அப்பாஸ்ட்ரஃபி (' குறி) இருந்தது. அவர் பேரை அடிச்சதுமே என் பக்கம் உடைஞ்சுது. தெரியாம வந்த ஒரு குறியே உடைக்குதுன்னா, தெரிஞ்சே அனுப்பறவன் என்னவெல்லாம் செய்வான்!

கடன்கிரெடிட்:

மாறுதல் பத்தி நான் சொல்றேன். ஏஏஎஸ்ங்கறது படிச்சதும் வேலைக்குப் போறதுக்காக அமைச்சது. ஏஎஸ்தான் மாறிப் போறவங்களுக்கானது. ரெண்டுமே சுமார் 60 கிரெடிட், ஆனா ஏஏஎஸ்ல இருக்கிற வெப் பேப்பர்கள் பலதையும் யூனிவர்சிட்டி மேஜருக்கு எடுத்துக்காம விட்டுடலாம். கம்ப்யூட்டர் சயின்ஸ்னா கால்குலஸ் வேற கேட்பாங்க. நீங்க போக நினைக்கிற யூனிவர்சிட்டிக்கும் உங்க காலேஜுக்கும் ஆர்ட்டிகுலேஷன் அக்ரிமென்ட் (எந்தப் பேப்பரோட கிரெடிட்டை ஏத்துக்குவாங்கன்னு சொல்ற ஒப்பந்தம்) இருக்கான்னு கவுன்சலர்கிட்ட கேட்டு, எழுத்துல வாங்குங்க. உங்க பி.காம். மார்க்ஷீட்டை, வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடற இவாலுவேஷனுக்கு அனுப்பினீங்களா? பொதுப்பாடத்துல கொஞ்சம் கிரெடிட் கிடைக்க வாய்ப்பு இருக்கு. நான் அனுப்பாம விட்டு, படிச்சதையே திரும்பப் படிச்சேன், இன்னும் மனசு ஆறலை.

டிராப் பண்ணினா மார்க் பட்டியல்ல டபிள்யூன்னு (வித்ட்ரா, விலகினதுன்னு அர்த்தம்) விழும். ஜிபிஏல சேராது. ஆனா ஃபைனான்ஷியல் எய்ட் வாங்கறீங்கன்னா, எடுத்த கிரெடிட்ல எத்தனை முடிச்சீங்கன்னு பார்ப்பாங்க. டபிள்யூ எடுத்ததுல சேரும், முடிச்சதுல சேராது.

மாலைவகுப்பு:

ரெண்டு பேருக்கும் மனசார நன்றி. டிராப் பண்ணலை. ஐஎன்ஐ ஃபைலை மாத்திட்டு வேணும்னே ஒரு செமிகோலனை எடுத்துப் பார்த்தேன், வரி எண்ணோட பிழை வந்து நின்னுது. அதைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்படுவேன்னு நினைக்கலை. வியாழக்கிழமை கவுன்சலரைப் பார்க்கறேன், மார்க்ஷீட்டையும் எடுத்துட்டுப் போறேன்.

மறுபடிமாணவி, இப்பதான் டேபிளைத் திறந்து பார்த்தேன். பாஸ்வேர்ட் நெடுவரிசை 40ன்னு வெச்சிருக்கேன். மாத்திட்டு வந்து எழுதறேன்.