புதுப்பிப்பு: ஓஸ்லோவில் 3 நாள், குறைந்த செலவில்

நார்வேத் தலைநகர் ஓஸ்லோவுக்கு நான் முன்பு போட்ட பயணத் திட்டத்தோடு இவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓஸ்லோ பாஸ் (நகரப் போக்குவரத்துக்கும் அருங்காட்சியகங்களுக்கும் சேர்த்த சுற்றுலா அட்டை) விமான நிலையப் பயணத்துக்கும் செல்லுபடியாகுமா என்று கேட்டிருந்தீர்கள். செல்லாது. அது கட்டண மண்டலம் 1, 2-க்கு மட்டும். கார்டர்மூன் விமான நிலையம் மண்டலம் 4-இல் இருக்கிறது. அங்கிருந்து நகருக்கு ஃப்ளூடோகெட் விரைவு ரயில் தேவையே இல்லை. வட்டார ரயிலில் ஏறக்குறைய பாதிக் கட்டணம், சில நிமிடம்தான் கூடுதல். ஆனால் அந்த டிக்கெட்டோடு ஃப்ளூடோகெட்டில் ஏறிவிடாதீர்கள், செல்லாது.

ஞாயிறன்று பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் பெரும்பாலும் மூடியிருக்கும். சனியன்றே ரொட்டி, சீஸ் வாங்கிவிடுங்கள். கடைகளில் பீர் விற்பனை சனி மாலை 6 மணிக்கே நின்றுவிடும்.

தண்ணீருக்குக் காசு அழ வேண்டாம், குழாய்த் தண்ணீரே அருமை. குளிர்பானக் காலி பாட்டிலைத் தூக்கி எறியாதீர்கள்: கடை இயந்திரத்தில் போட்டால் பாட்டிலுக்குக் கட்டிய முன்பணம் திரும்பக் கிடைக்கும். கடைசியில் ரசீதுச் சீட்டுக்கான பொத்தானை அழுத்துங்கள். இன்னொரு பொத்தான், அந்தப் பணத்தைச் செஞ்சிலுவை லாட்டரிக்குப் போட. சீட்டைக் கல்லாவில் கொடுத்தால் பில்லில் கழிப்பார்கள்.