இணைய நிறுவனம் தந்த ரவுட்டர்: படுக்கையறையில் வைஃபை தடுமாறுகிறது

கேள்வி:
நிறுவனம் இணைப்புடன் கொடுத்த ரவுட்டர் கூடத்தில், தொலைக்காட்சிக்குப் பின்னால் இருக்கிறது. அருகில் வேகம் சரியாக இருந்தாலும், இரண்டு சுவர்கள் தாண்டிய படுக்கையறையில் காணொளி அடிக்கடி நின்றுவிடுகிறது. புதிய ரவுட்டர் வாங்கத்தான் வேண்டுமா?

பதில் 1:
முதலில் மடிக்கணினியை ஈதர்நெட் கேபிள் மூலம் ரவுட்டருடன் நேரடியாக இணைத்து வேகத்தை அளந்து பாருங்கள். அதிலும் குறைவாக இருந்தால் பழுது பெரும்பாலும் இணைப்பில்தான், வைஃபையைக் குறை சொல்லிப் பயனில்லை. கேபிளில் சரியாக இருந்தால், ரவுட்டரை வீட்டின் நடுவே உயரமான, திறந்த இடத்துக்கு மாற்றுங்கள். வைஃபை அலைவரிசைகளில் 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது என்றாலும் சுவர்களைத் தாண்டும்போது வலுவிழந்துவிடும் என்பதால், படுக்கையறைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸே பொருத்தமாக இருக்கலாம். அதில் 1, 6, 11 ஆகிய சேனல்களே (அலைவரிசையின் உட்பிரிவுகள்) ஒன்றோடொன்று மோதாதவை, நெரிசல் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள்.

பதில் 2:
வாங்குவதாக முடிவெடுத்தால், பழைய ரவுட்டரை பிரிட்ஜ் முறைக்கு (இணைப்பை மட்டும் கடத்திவிட்டு, மற்ற வேலையைப் புதிய ரவுட்டரிடம் விடும் அமைப்பு) மாற்றித் தரும்படி நிறுவனத்திடம் கேளுங்கள். மறுத்தால் (பெரும்பாலும் அந்த அமைப்பைப் பூட்டியே வைத்திருப்பார்கள்) புதியதை ஆக்சஸ் பாயிண்டாக (கேபிளில் வரும் இணைப்பை வைஃபையாகப் பரப்பும் கருவியாக) அமைத்து, படுக்கையறை வரை கேபிள் இழுத்துவிடுங்கள். மலிவான ரிப்பீட்டர் வேண்டாம். ஒரே அலைவரிசையில் வாங்கித் திருப்பி அனுப்புவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

கேட்டவர்:
கேபிளில் முழு வேகமும் வருகிறது. ரவுட்டரை அலமாரியின் மேல் வைத்ததும் காணொளி நிற்பது வெகுவாகக் குறைந்துவிட்டது. சேனலை இன்றிரவு மாற்றிப் பார்க்கிறேன்.