பரிசுத்தமும் தேவனை மகிமைப்படுத்துவதும்

கேள்வி:
அனைவருக்கும் ஸ்தோத்திரம். பரிசுத்தம் என்றால் சினிமா, நகை, மது ஆகியவற்றை விலக்குவது என்றே எங்கள் சபையில் போதிக்கிறார்கள். தேவனை மகிமைப்படுத்துவது ஆராதனை வேளையின் துதியோடு முடிந்துவிடுகிறதா?

பதில் 1:
லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசியுங்கள், சகோதரரே. கர்த்தர் பரிசுத்தராயிருப்பதால் நீங்களும் பரிசுத்தராயிருங்கள் என்று தொடங்கும் அந்த அதிகாரம், வயலின் ஓரத்தை அறுக்காமல் எளியவனுக்கும் பரதேசியான அந்நியனுக்கும் விட்டுவிடுவதையும், கூலிக்காரனின் கூலியை விடியும்வரை வைத்துக்கொள்ளாதிருப்பதையும், சுமுத்திரையான, அதாவது சரியான, தராசையும் நிறைகல்லையும் அடுத்தடுத்துக் கட்டளையிடுகிறது. கூலியைப் பிடித்துவைத்த கை ஆராதனையில் உயர்வதால் தேவன் மகிமைப்படுவதில்லை என்றே நம்புகிறேன்.

பதில் 2:
முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன், ஆனாலும் பரிசுத்தத்தை நல்லொழுக்கமாகச் சுருக்கிவிட வேண்டாம். உசியா ராஜா மரணமடைந்த வருஷத்தில் ஏசாயா கண்ட தரிசனத்தில் சேராபீன்கள் என்னும் பரலோக தூதர்களே தங்கள் முகங்களை மூடிக்கொண்டார்கள். தீர்க்கதரிசியோ தம் அசுத்த உதடுகளை எண்ணி ஐயோ என்று கதறினார், பலிபீடத்து நெருப்புத்தழல் அவற்றைத் தொட்ட பிறகே அனுப்பப்பட்டார். பரிசுத்தம் முதலில் தேவனுடையது. நமக்கு அது கிருபையாகவே வருகிறது.

பதில் 3:
எதைச் செய்தாலும் தேவனுடைய மகிமைக்கென்று செய்யுங்கள் என்று பவுல் எழுதியது, விக்கிரகங்களுக்குப் படைக்கப்பட்டிருக்கக்கூடிய, கடையில் விற்கப்படும் இறைச்சியைப் பற்றிய விவாதத்தின் முடிவில்தான் (1 கொரிந்தியர் 10). பிறருடைய மனச்சாட்சிக்கு இடறலாகாதிருப்பதையே அவர் அங்கே வலியுறுத்துகிறார்; உங்கள் சபையின் விலக்குகளையும் அந்த நோக்கிலேயே சீர்தூக்கிப் பாருங்கள்.