640 யூரோ சவரக்கத்தி: ஸ்னேக்வுட் கைப்பிடிக்கு இவ்வளவு கொடுக்கலாமா?

டுசல்டார்ஃப்காரன் கேட்டது:

வணக்கம். கொஞ்ச காலமாக மடக்குச் சவரக்கத்தியில்தான் ஷேவ் செய்கிறேன். சலூனில் பாதி பிளேடை உடைத்து மாட்டுவார்களே, அது இல்லை. தீட்டித் தீட்டிப் பயன்படுத்தும் அசல் கத்தி. இப்போது இருப்பது ஜெர்மனியில் கத்திக்குப் பெயர்போன ஸோலிங்கனில் செய்தது, 5/8 அங்குல அகலம், கறுப்பு பிளாஸ்டிக் கைப்பிடி, குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் போன வாரம் ஒரு கடையில் ஸ்னேக்வுட் என்ற மரத்தில் கைப்பிடி போட்ட 6/8 கத்தியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டேன், அதிலிருந்து வேறு நினைப்பே இல்லை. செம்பழுப்பு மரத்தில் பாம்புத் தோல் போலவே கறுப்புத் திட்டுகள், கத்தியின் முதுகு முழுக்க கொடி வேலைப்பாடு, அதற்குத் தங்க முலாம் வேறு. விலை 640 யூரோ. அதே கம்பெனியின் சாதாரணக் கைப்பிடி போட்ட 6/8 பக்கத்திலேயே 210 யூரோவுக்கு இருக்கிறது.

கேள்வி இதுதான்: அந்த 430 யூரோ வித்தியாசம் கன்னத்தில் தெரியுமா? இன்னொன்று, மம்மூத் (யானை மாதிரியான பழங்கால விலங்கு) தந்தத்திலும் கைப்பிடி போட்டுத் தருவார்களாம். அதன் விலையைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இன்னும் சில வருடங்களில் சென்னைக்கே திரும்பிவிடுவேன் என்பதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

தீட்டுக்கல் சொன்னது:

வித்தியாசம் தெரியாது. கன்னத்தில் படுவது விளிம்பு மட்டும்தான், கைப்பிடி எந்த மரம் என்று தாடிக்கு எப்படித் தெரியும்? ஷேவ் நன்றாக இருப்பதற்குக் காரணம் மூன்று: எஃகு எந்த அளவுக்குப் பதப்படுத்தப்பட்டது (நல்ல சவரக்கத்தி, கடினத்தைக் காட்டும் ராக்வெல் அளவில் 60ஐ ஒட்டி இருக்கும்), பக்கங்களை எவ்வளவு குழிவாகக் கடைந்திருக்கிறார்கள், கடைசியாக யார் தீட்டினார்கள். இதில் மூன்றாவதுதான் பெரியது. விலை கூடிய கத்திகள்கூடப் பல நேரம் கடையிலிருந்து வரும்போது முகத்தில் வைக்கிற பதத்தில் இருக்காது, பார்சலைப் பிரித்ததும் ஷேவ் செய்துவிடலாம் என்று நினைத்தவர்களின் தாடை சிவந்த கதை நிறையக் கேட்டிருக்கிறேன்.

கடைக்காரரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: இரண்டு கத்திக்கும் எஃகும் கடைசலும் ஒன்றுதானா? முழுக்குழிவு என்றால் விளிம்பு மெல்லியது, தாடியில் இழுக்கும்போது கிணுகிணு என்று பாடும். ஆப்பு மாதிரி கனமாகக் கடைந்ததற்குச் சத்தம் இருக்காது, ஆனால் முரட்டுத் தாடிக்கு உறுதியாக நிற்கும். இரண்டும் ஒன்றுதான் என்றால் அந்த 430 யூரோ முழுக்கக் கண்ணுக்குத்தான், கன்னத்துக்கு இல்லை.

முதுகில் வேலைப்பாடு என்றீர்களே, அங்கேதான் எனக்குச் சங்கடம். சவரக்கத்தியைத் தீட்டும்போது முதுகும் விளிம்பும் சேர்ந்தே கல்லில் படுத்திருக்கும், அந்த முதுகின் தடிமன்தான் கோணத்தைத் தீர்மானிக்கிறது. ஒவ்வொரு முறை கல்லில் வைக்கும்போதும் உங்கள் தங்கக்கொடி கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். கரண்ட் வேலைக்குச் சுற்றும் டேப்பை முதுகில் ஒட்டித் தீட்டுகிறவர்கள் உண்டு, அது வேலை செய்யும், ஆனால் அலங்காரத்துக்குக் காசு கொடுத்துவிட்டு அதைக் காப்பாற்ற டேப் ஒட்டிக்கொண்டிருப்பது என்ன பிழைப்பு என்று தோன்றும். நானாக இருந்தால் 210 யூரோ கத்தியை எடுத்து, மீதியில் 1000, 5000, 8000, 12000 என்று (எண் ஏற ஏற கல் நைசு) தீட்டுக்கற்களும், கடைசியில் கூரைச் சீராக்க ஒரு நல்ல தோல்வாரும் வாங்குவேன்.

கருங்காலி சொன்னது:

மேலே சொன்னதில் எனக்குச் சண்டை இல்லை, ஆனால் கைப்பிடியை வெறும் கண்காட்சி என்று தள்ளிவிடவும் முடியாது. எடை மாறும். ஸ்னேக்வுட் சூரினாம், கயானா பக்கத்து மரம், தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும் அவ்வளவு அடர்த்தி. பழைய ஐரோப்பிய பரோக் இசைக்கான வயலின் வில்லுக்கு இதைத்தான் விரும்புவார்கள். கைப்பிடி கனமானால் கத்தியின் எடை சமமாக நிற்கும் புள்ளி, கத்தியைக் கைப்பிடியோடு சேர்க்கும் ஆணிக்குப் பின்னால் நகரும், மெல்லிய பிளாஸ்டிக்கில் பழகிய கைக்கு முதலில் வால் இழுக்கிற மாதிரி இருக்கும். கெட்டது என்று சொல்லவில்லை, சிலருக்கு அந்தக் கனம்தான் பிடிக்கும், ஆனால் வாங்குவதற்கு முன் கடையிலேயே திறந்து பிடித்து, மூக்குக்குக் கீழே செய்யும் கோணத்தில் கையைத் திருப்பிப் பாருங்கள்.

இந்த மரத்துக்கு ஒரு கெட்ட குணம், வெடிக்கும். ஜெர்மன் குளிர்காலத்தில் ஹீட்டர் போட்ட வீட்டுக் காற்று எலும்பு மாதிரி காய்ந்திருக்கும், குளியலறையில் ஆவி. காய்ந்து நனைந்து காய்ந்து என்று இருந்தால் கைப்பிடியின் இரு பக்கமும் இருக்கும் மெல்லிய மரத்தகடு (பட்டை என்போம்) ஒருநாள் நீளவாக்கில் கோடு விடும். அப்புறம் சென்னைக் காற்று. கைப்பிடி கொஞ்சம் வளைந்தால்கூட மடக்கும்போது விளிம்பு உள்பக்கம் உரசும், போச்சு, ஒரே உரசலில் கூர் போய்விடும். அதனால் எந்தக் கத்தி எடுத்தாலும் மெதுவாக மடக்கி, இரண்டு பட்டைக்கும் சரி நடுவில் விழுகிறதா என்று பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

எருமைக் கொம்பு அழகு, விலையும் குறைவு, ஆனால் கம்பளியை அரிக்கும் பூச்சி கொம்பையும் விடாது. செல்லுலாய்டு என்ற பழைய காலத்து பிளாஸ்டிக் பக்கமே போகாதீர்கள், அது மக்கும்போது வரும் அமில ஆவியில் உள்ளே மடித்து வைத்த கத்தி தானாகத் துருப்பிடிக்கும். ரெசின் ஏற்றிய மரம் கிடைத்தால் இரண்டு ஊருக்கும் அதுதான் நல்லது. ஸ்னேக்வுட்டில் ரெசின் சரியாக ஏறாது, அவ்வளவு நெருக்கமான மரம்.

சுங்கச்சாவடி சொன்னது:

மம்மூத் பற்றி யாரும் பேசவில்லையே. தம்பி, சென்னைக்கு வருவதாக இருந்தால் அதை மறந்துவிடுங்கள். மம்மூத் அழிந்துபோன விலங்கு, அதனால் சைட்டீஸ் (அழியும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம்) பட்டியலில் இல்லை என்று கடைக்காரர் சொல்வார், அது உண்மைதான். ஆனால் இந்தியாவில் 1972 வனவிலங்குச் சட்டத்தில் 1986இல் ஒரு திருத்தம் வந்து நம் யானைத் தந்த வியாபாரம் நின்றது, 1991இல் வந்த இன்னொரு திருத்தத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த தந்தத்துக்கும் தடை. விமான நிலையத்தில் உங்கள் பெட்டியைத் திறக்கும் அதிகாரிக்குத் தெரிவது வெள்ளையாக ஒரு தந்தத் துண்டு, அவ்வளவுதான்.

இரண்டையும் பிரித்துச் சொல்ல வழி இருக்கிறது. தந்தத்தைக் குறுக்கே வெட்டினால் ஒன்றையொன்று வெட்டும் கோடுகள் தெரியும், வெளி ஓரத்தில் அந்தக் கோணம் மம்மூத்தில் 90 டிகிரிக்குக் கீழே, யானையில் 115க்கு மேலே. ஆனால் கைப்பிடிப் பட்டையை நீளவாக்கில் அறுக்கிறார்கள், அந்தக் கோடு எங்கே தெரியப்போகிறது? யானையை மம்மூத் என்று விற்பவனுக்கும் அதே வசதிதான். பில் இருக்கிறது, சான்றிதழ் இருக்கிறது என்று கவுண்டரில் நின்று வாதாடும் நேரத்தில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியிருக்கலாம்.

ஈட்டி மரக் கைப்பிடி என்றாலும் பில்லில் மரத்தின் இலத்தீன் பெயரை எழுதி வாங்குங்கள், ஈட்டி மரம் சேர்ந்த டால்பெர்ஜியா பேரினம் முழுக்க 2017இலிருந்து சைட்டீஸ் பட்டியலில் இருக்கிறது. எந்தக் கைப்பிடியாக இருந்தாலும் கத்தியைச் செக்-இன் பெட்டியில்தான் வைக்க வேண்டும், கையில் கொண்டுபோகிற பையில் வைத்தால் செக்யூரிட்டியில் பிடுங்கிக்கொள்வார்கள்.

ஞாயிறுஷேவ் சொன்னது:

எல்லோரும் அந்த மனிதரைப் பயமுறுத்துவதிலேயே இருக்கிறீர்கள். ஷேவ் மட்டும்தான் முக்கியம் என்றால் பத்து ரூபாய் பிளேடு போதுமே, இந்த வம்பே வேண்டாம். காஞ்சிபுரம் பட்டு வாங்குகிறவர் உடம்பை மூடத்தானா வாங்குகிறார்? காலையில் கத்தியை எடுக்கும்போது கை மகிழ்கிறது என்றால் அதற்கும் ஒரு விலை உண்டு, 430 யூரோவா என்பது அவரவர் சம்பளத்தைப் பொறுத்தது.

ஆனால் உங்களுக்கு வேறொரு வழி சொல்கிறேன். கைப்பிடி நிரந்தரம் இல்லை. நடுவில் இருப்பது வெறும் பித்தளை ஆணி, அதைத் தோண்டி எடுத்துவிட்டு வேறு பட்டை போட்டுப் புது ஆணி அடித்துவிடலாம், இதையே தொழிலாகச் செய்கிற கைவினைஞர்கள் ஐரோப்பாவில் இருக்கிறார்கள். பழைய ஸோலிங்கன் அல்லது இங்கிலாந்தின் ஷெஃபீல்டு கத்தி ஒன்று, துரு இல்லாமல், விளிம்பில் பல் விழாமல் கிடைத்தால் எடுங்கள், அதற்கு நீங்களே மரம் தேர்ந்தெடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். மரம் வெடித்தாலும் கத்தி உங்களுடையதுதான்.

டுசல்டார்ஃபில் இருந்துகொண்டு ஸோலிங்கனுக்குப் போகாமல் இணையத்தில் கேட்டுக்கொண்டிருப்பதும் ஒரு அநியாயம். ரயில் ஏறினால் பக்கம். கிராஃப்ராத் பகுதியில் பழைய மடத்தில் கத்தி அருங்காட்சியகம் இருக்கிறது, வுப்பர் ஆற்றங்கரையில் தண்ணீர்ச் சக்கரத்தோடு விப்பர்கோட்டன் என்ற பழைய சாணைப் பட்டறையும் இருக்கிறது. அந்த ஊர்ப் பெயருக்கே 1938இலிருந்து சட்டப் பாதுகாப்பு உண்டு, முக்கியமான வேலை எல்லாம் அங்கே நடக்காமல் ஸோலிங்கன் என்று கத்தியில் பொறிக்க முடியாது.

டுசல்டார்ஃப்காரன் மறுபடி:

எல்லோருக்கும் நன்றி. கடையில் கேட்டேன், இரண்டும் ஒரே எஃகு, ஒரே முழுக்குழிவு. மம்மூத்துக்கு அன்றே முழுக்குப் போட்டாயிற்று. தங்க வேலை இல்லாமல் ஸ்னேக்வுட் மட்டும் போட்டது 380க்கு ஒன்று இருக்கிறதாம், அதற்கும் 210க்கும் நடுவில் நிற்கிறேன். ஞாயிறுஷேவ் சொன்ன பழைய கத்தி யோசனையும் பிடித்திருக்கிறது, ஆனால் துருவை ஃபோட்டோவில் பார்த்துக் கண்டுபிடிக்கிற அனுபவம் எனக்கு இல்லை. சென்னையில் துரு எவ்வளவு தொல்லை?

தீட்டுக்கல் சொன்னது:

கடல் பக்கம் வீடென்றால் தொல்லைதான், சமாளிக்கலாம். துரு ஆணி பக்கத்தில்தான் ஆரம்பிக்கும், ஏனென்றால் இரண்டு பட்டைக்கும் நடுவில் போன தண்ணீர் அங்கேதான் காயாமல் நிற்கும். ஷேவ் முடிந்ததும் கைப்பிடியை நனைக்காமல் கத்தியை மட்டும் கழுவி, டிஷ்யூ பேப்பரை மடித்து ஆணி வரைக்கும் உள்ளே விட்டுத் துடையுங்கள். திறந்து வைத்துக் காய விட்டு, ஒரு சொட்டு மினரல் ஆயில் தடவி மடியுங்கள். குளியலறையில் வைக்க வேண்டாம், தோல் உறையிலும் வேண்டாம், தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.

380 கத்தியையே எடுப்பதென்றால் எடுங்கள், ஏங்கிக்கொண்டே இருப்பதற்கு அது மேல். கருங்காலி சொன்ன மாதிரி மடக்கிப் பார்த்துவிட்டு, ஆணியைச் சுற்றி மரத்தில் மயிரிழைக் கீறல் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். இருந்தால் வேறு பீஸ் கேளுங்கள், தள்ளுபடி தருகிறேன் என்றால் வாங்காதீர்கள்.